உங்கள் ராடுக்கு நான் பிடி கடைந்து தர மாட்டேன்

முட்டுக்காடு, கோவளம், எண்ணூர், பழவேற்காடு என்று ஞாயிறு விடிவதற்குள் தூண்டில் ராடும் கையுமாகக் கிளம்பிவிடும் நண்பர்களுக்கு,

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டர்னராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன லேத் வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணே, என் ராடுக்கு ஒரு கார்க் பிடி கடைஞ்சு குடுங்க", "சார், ஈ.வி.ஏ.வுல ரெண்டு கலர் வெச்சுப் பண்ணித் தர முடியுமா" என்று வருகிறவர்களுக்குத் தனித்தனியே பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: செய்து தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காசு கூடக் கேட்பதற்காகப் பண்ணும் பிகு இல்லை இது. ராடில் உங்கள் உடம்பு படுகிற இடம் பிடி ஒன்றுதான். அதைக் கடைகிறவன் கையில், அதைப் பிடிக்கிற கையின் அளவு இருக்க வேண்டும். உங்கள் கை உங்களிடம் இருக்கிறது. நீங்களே செய்துகொள்ளலாம், லேத்கூடத் தேவையில்லை. எப்படி என்று சொல்லித்தர மட்டும் நான் தயார்.

ரீலில் எத்தனை பேரிங், பிளாங்க் என்கிற வெறும் தண்டு எத்தனை டன் கார்பன் என்று கரையில் நின்று மணிக்கணக்கில் பேசுகிறோம். மீன் கடிக்காத நேரத்தில் வேறு என்னதான் பேசுவது! ஆனால் "உன் பிடி எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. காலை முழுக்கப் பாப்பர் வீசிவிட்டு முன்கை கடுக்கிறது என்று தைலம் தேய்க்கிறவர்கள் ராடு கனம் என்கிறார்கள், ரீல் கனம் என்கிறார்கள். பல சமயம் கோளாறு பிடியில்தான். மெலிந்த பிடி கையில் உருளாமல் இருக்க விரல்கள் தேவைக்கு மேல் இறுக்கிக்கொள்கின்றன. பருத்த பிடியை விரல்கள் முழுதாகச் சுற்ற முடியாமல் விரல் நுனிகளே சுமையைத் தாங்குகின்றன. இரண்டிலும் முன்கைத் தசைக்கு ஓய்வே இல்லை. தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வரும் பிடி, எந்த ஊர்க்காரர் கையையோ மனதில் வைத்துச் செய்தது. உங்களுக்குப் பொருந்தினால் அதிர்ஷ்டம்.

ஆகவே முதலில் அளவு, பிறகுதான் மற்றதெல்லாம். விளையாட்டுச் சாமான் கடையில் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றுகிற ஓவர்கிரிப் நாடா கிடைக்கும். இப்போதுள்ள பிடியின் மேல் அதை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு ஒரு காலை வேளை மீன்பிடித்துப் பாருங்கள். கை தேவலாம் என்று சொன்னால் அடுத்த முறை இன்னொரு சுற்று. இதற்கு மேல் வேண்டாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, வெர்னியர் காலிபரால் அளந்து எழுதிவையுங்கள். இருக்கிற பிடியே தடிமன் என்று சந்தேகம் வந்தால், வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற 20 மி.மீ. பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டு எடுத்து அதிலிருந்து சுற்றிக்கொண்டே வாருங்கள். அடையாளம் இதுதான்: பிடித்திருக்கும்போது நடுவிரல் நுனி, கட்டைவிரல் அடியில் இருக்கும் சதைமேட்டை லேசாகத் தொட வேண்டும். நகம் சதையில் புதைந்தால் பிடி மெலிது, எட்டாமல் நின்றால் பருமன். இதைக் காய்ந்த கையில் மட்டும் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டும் பாருங்கள். நம் கடற்கரையில் கை காய்ந்திருக்கிற நேரம் எவ்வளவு?

வடிவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே 'ஃபுல் வெல்ஸ்' வேண்டும், 'ரிட்ஸ்' வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் பார்த்த படம். வெல்ஸ் என்பவர் ஹென்றி பி. வெல்ஸ், அமெரிக்கர். ஃப்ளை ராடுகளைப் பற்றி 1885-ல் புத்தகம் எழுதியவர். ரிட்ஸ் என்பவர் சார்லஸ் ரிட்ஸ். பாரிஸில் அந்தப் பெரிய ஹோட்டலைத் தொடங்கிய சேசர் ரிட்ஸின் மகன், ராடு வடிவமைப்பில் பேர்போனவர். இருவர் பெயரிலும் வழங்குகிற பிடிகள் ஆற்றில் நின்றுகொண்டு, கட்டைவிரலைப் பிடியின் மேல் நீட்டிவைத்து, ஃப்ளை வீசுகிற கைக்கானவை. ஃபுல் வெல்ஸின் முன்பக்கம் ஏன் மேடாக எழுகிறது? பலமாக வீசும்போது கட்டைவிரல் அந்த மேட்டில் ஊன்றித் தள்ளுவதற்காக. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ட்ரவுட்டுக்கு ஃப்ளை வீசப் போகிறவர்கள் தாராளமாக அதைக் கடையலாம். கொடுவாவுக்கும் பாறை மீனுக்கும் ஸ்பின்னிங் ராடு வீசுகிற உங்களுக்கு அந்த மேட்டால் ஒரு பயனும் இல்லை.

ஸ்பின்னிங் ராடை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். ரீலின் கால் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் இறங்குகிறது. உள்ளங்கையில் இருப்பது ரீல் சீட், அதாவது ரீலைப் பூட்டுகிற இடம். அதற்கு முன்னால் இருக்கிற பிடியில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரல் நுனியும்தான் படுகின்றன. பெரிய மீன் மாட்டி ராடு வளைந்த பிறகுதான் கை அங்கே ஏறும். அதனால் கரை ராடுக்கு நீளமான முன்பிடி அலங்காரமே தவிர வேறில்லை, நாலு இஞ்ச் போதும். படகில் போய் ஜிக்கிங் செய்கிறவர்களுக்கு இது நேர்மாறு. அங்கே முன்பிடிதான் மல்லுக்கட்டுகிற இடம், நீளமாகவே வையுங்கள். எந்த ராடானாலும் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: முன்பிடியின் விளிம்பும் ரீல் சீட்டின் விளிம்பும் ஒரே மட்டத்தில் சேர வேண்டும். அரை மில்லிமீட்டர் படி இருந்தால்கூட ஈரக் கையில் அதே இடம் உரசி உரசிக் கொப்புளம் போட்டுவிடும்.

பின்பிடி எவ்வளவு நீளம்? இரு கையாலும் ஓங்கி வீசும் கரை ராடென்றால், அடிமுனையை அக்குளில் வைத்துக் கையை ராடு நெடுக நீட்டுங்கள். உள்ளங்கை விழுகிற இடத்தில் ரீல் வரட்டும். ஒரு கையால் வீசும் சின்ன ராடுக்கு அடிமுனை முழங்கையை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி நின்றால் சரி. இதற்கு நடுவில் முழு நீளமும் கார்க் வேண்டுமா, இல்லை இரண்டு துண்டாகப் பிரித்து நடுவில் வெறும் பிளாங்க் தெரிய விடலாமா என்று கேட்பீர்கள். பிரித்தே வையுங்கள் என்பது என் கட்சி. வீசும்போது ஒரு கை சீட்டில், மற்றது அடிமுனையில். நடுப்பகுதியை யாரும் தொடுவதில்லை. பொருளும் மிச்சம், எடையும் மிச்சம். படகு ராடை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜிக் அடிக்கிறவர்கள் மட்டும் முழு நீளம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விலா எலும்பு உங்களைத் திட்டும்.

இனிப் பொருள். கார்க்கா, ஈ.வி.ஏ.வா என்று சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில் நான் வர விரும்பவில்லை. ஆனால் கார்க்கைத் தொடுகிறவர்கள் அது என்ன என்று தெரிந்துகொண்டு தொடுங்கள். ஓக் இனத்து மரம் ஒன்றின் பட்டை அது. உலகக் கார்க்கில் ஏறக்குறையப் பாதி போர்ச்சுகலில் விளைகிறது. மரம் 25 வயதை எட்டினால்தான் முதல் பட்டையை உரிப்பார்கள். அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டு காத்திருக்க வேண்டும், அங்கே சட்டமே அப்படி. எப்போது உரித்தார்கள் என்று மறக்காமலிருக்க, ஆண்டின் கடைசி எண்ணை அடிமரத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிவிடுவார்கள். முதல் பட்டையும் இரண்டாவதும் கரடுமுரடாக இருக்கும். மூன்றாவது உரிப்பில்தான் புட்டி மூடிக்கு ஆகிற தரம் வருகிறது. நல்ல பிடி வளையமும் அந்த ரகம்தான். கூட்டிப் பாருங்கள்: நாற்பது வயது கடந்த மரம். நீங்கள் தேய்த்துத் தூசியாகத் தள்ளுவது அந்த மரத்தின் பட்டையை. ஒன்றேகால் இஞ்ச் வளையத்தை வாங்கி முக்கால் இஞ்ச் பிடியாக இறக்குவது எனக்குப் பிடிக்காத வேலை. சின்ன விட்டத்தில் வளையம் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு கன சென்டிமீட்டர் கார்க்கில் சுமார் நான்கு கோடி நுண்ணறைகள், ஒவ்வொன்றிலும் காற்று. ராபர்ட் ஹூக் 1665-ல் நுண்ணோக்கி வழியே பார்த்து வரைந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே அறைகள்தான். கையில் இதமாக இருப்பதும், தண்ணீர் உள்ளே இறங்காததும், அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்காமல் அப்படியே அமுங்கி எழும்புவதும் அந்த அறைகளால்தான். நனைந்தால் வழுக்காமல் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது கார்க் ராடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

பொதுவாகக் கிடைக்கும் வளையம் அரை இஞ்ச் கனம், ஒன்றேகால் இஞ்ச் விட்டம், நடுவில் கால் இஞ்ச் துளை. ஏழு இஞ்ச் பிடிக்குப் பதினான்கு வளையம். 'ஃப்ளோர்', 'ஏஏஏ' என்று போட்டிருக்கும் தர எழுத்துகளை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஒரு கடையின் 'ஏஏஏ' இன்னொரு கடையில் வெறும் 'ஏ'வாக இருக்கும். வெளிப்பக்கம் வழவழவென்றிருந்து, கடைந்த பிறகு உள்ளிருந்து குழி கிளம்புவதும் உண்டு. நடுத்தர ரகத்தில் நாலு வளையம் கூடுதலாக வாங்கி, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொறுக்குங்கள். கட்டைவிரல் படும் இடத்துக்கு ஆகச் சிறந்தது, குழி உள்ளது கை படாத இடத்துக்கு. இரண்டு ஓரத்துக்கும் மட்டும் கார்க் தூளும் ரப்பரும் சேர்த்து அழுத்திய கருப்பு வளையம் போடுங்கள். பாறையில் சாய்த்து வைக்கும்போது முதலில் உடைவது ஓரம்தான்.

நம் ஊரில் மாற்று கிடையாதா என்று ஒரு தம்பி கேட்டார். மரமல்லிப் பட்டையைக் கார்க்குக்குப் பதிலாகப் பயன்படுத்தியது உண்டு, ஆனால் அது மட்டரகம்தான். உதிரும். பிடிக்குத் தேறாது. நெட்டி மிதப்புக்கு நல்லது, பிடிக்கு அல்ல, ஒரே இறுக்கில் நசுங்கிவிடும். மேல்நாட்டில் ஒயின் புட்டி மூடிகளைச் சேர்த்துத் துளைபோட்டுப் பிடி செய்கிறார்கள். நம் டாஸ்மாக்கில் கார்க் வைத்த புட்டி எத்தனை தேறும் என்பதை விவரம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கார்க் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஈ.வி.ஏ. நுரை இருக்கிறது. ரொம்ப நல்ல பொருள். உப்பும் மீன் எண்ணெயும் அதை ஒன்றும் செய்யாது, சோப்புப் போட்டால் போய்விடும். விலையும் குறைவு, முதல் தடவை செய்கிறவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. கார்க்கைவிட மீள்தன்மை அதிகம் என்பதால் துளை கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடும். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வானவில் அடுக்குவது உங்கள் இஷ்டம். கிளப் கலரில் பிடி போட்டால் மீன் கூடுதலாகக் கடிக்கும் என்று மட்டும் என்னிடம் வாதாடாதீர்கள்.

வளையங்களை ஒட்டுவது சுலபம். ஹார்டுவேர் கடையில் எம்6 திரெட் ராடு ஒரு மீட்டர் வாங்குங்கள். கால் இஞ்ச் துளைக்குள் கச்சிதமாகப் போகும். திரெட் ராடு நெடுக மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் பிடியோடு இரும்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பசை, தண்ணீர் தாங்கும் மரப் பசை. ஃபெவிகாலில் 'மரைன்' என்று வருகிறதே, அது போதும். அரால்டைட் போன்ற எபாக்சியை இந்த இடத்தில் போடாதீர்கள். அது கார்க்கைவிடக் கெட்டியாக இறுகும். உப்புத்தாள் மெதுவான கார்க்கைத் தின்றுவிட்டுப் பசைக் கோட்டை அப்படியே விட்டுவிடும், பிடியில் அரை இஞ்சுக்கு ஒரு வரப்பு நிற்கும். பசையை இரு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, வாஷரும் நட்டும் போட்டுப் பசை லேசாகக் கசியும் வரை முடுக்குங்கள். வளையம் அமுங்கினால் முடுக்கியது அதிகம். ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள்.

அந்தத் திரெட் ராடுதான் இனி உங்கள் லேத்தின் அச்சு. கையால் பிடிக்கும் ட்ரில்லிங் மிஷினை மேசையில் படுக்கவைத்து, ஆடாமல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். திரெட் ராடின் ஒரு முனை அதன் சக்கில். மறுமுனைக்கு 626 நம்பர் பேரிங், உள்துளை 6 மி.மீ., வெளிவிட்டம் 19. ஒரு மரக்கட்டையில் 19 மி.மீ. துளை போட்டுப் பேரிங்கை அதில் தட்டிப் பொருத்தி, கட்டையைச் சக்குக்கு நேர்கோட்டில் மேசையில் திருகிவிட்டால் டெயில் ஸ்டாக் தயார். பிடியின் இரு பக்கமும் இரட்டை நட்டு போட்டுப் பூட்டுங்கள், ஒற்றை நட்டு சுற்றச் சுற்றக் கழன்றுகொள்ளும். வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் தேவையே இல்லை. ட்ரில் இதற்காகப் பிறந்ததல்ல, ஐந்து நிமிடம் ஓடினால் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

இந்த இடத்தில் பழைய டர்னர் பேசுகிறேன், கேளுங்கள். சுற்றுகிற எதன் பக்கத்திலும் கையுறை கூடாது. கையுறை கையைக் காப்பாற்றாது, கையை உள்ளே இழுத்துக் கொடுக்கும். மணிக்கட்டில் கோயில் கயிறு, மோதிரம், வாட்ச், தொளதொள முழுக்கைச் சட்டை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், லுங்கி நுனி எல்லாம் அதே கதைதான். திரெட் ராடின் மரை துணியைக் கவ்வுவதில் கெட்டிக்காரத்தனம் காட்டும். பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையை டேப் சுற்றி மூடிவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அறைக்குள் விடாதீர்கள். உப்புத்தாளை ஒரு இஞ்ச் அகலப் பட்டையாகக் கிழித்து, இரண்டு நுனியையும் இரு கையில் பிடித்து, ஷூ பாலிஷ் போடுகிறவர் துணியை இழுக்கிற மாதிரி வையுங்கள். விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது. தாள் சிக்கினால் விட்டுவிடத் தோதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று தூசி. கார்க் தூசி லேசானது, இனிமையான வாசனைகூட வரும், அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. போர்ச்சுகல் கார்க் ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்தத் தூசியாலும் அதில் படியும் பூஞ்சணத்தாலும் நுரையீரல் நோய் வந்து, அதற்குச் 'சூபரோசிஸ்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு பிடி செய்கிறவருக்கு அது வந்துவிடாது என்பது சரிதான். ஆனாலும் என்-95 மாஸ்க் போடுங்கள், மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள். கார்பன் பிளாங்கைத் தேய்க்கும்போது இது இன்னும் முக்கியம். அந்தத் தூசி தோலிலும் ஏறி அரிக்கும்.

கடைவதற்கு முன் உங்கள் பிடியின் பக்கவாட்டு வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கார்க்கில் ஒரு வசதி உண்டு: வளையம் அரை இஞ்ச் என்பதால் ஒவ்வொரு பசைக் கோடும் அளவுக் கோடு. இத்தனையாவது கோட்டில் 26 மி.மீ., அடுத்ததில் 25 என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு காலிபரால் சரிபார்த்துக்கொண்டே இறங்கலாம். 80-ம் நம்பர் தாளில் வடிவம், 120-ல் சமன், 220-ல் மழமழப்பு, 320-ல் முடிவு. கடைசி அரை மில்லிமீட்டரைத் தேய்த்துவிடாமல் வைத்திருங்கள், அது கைக்கு. மிஷினை நிறுத்தி, அச்சோடு கழற்றி, கண்ணை மூடிப் பிடித்துப் பாருங்கள். எங்கே விரல் ஒரு மேட்டைத் தேடுகிறது, எங்கே ஒரு மேடு தொந்தரவு தருகிறது என்று கை சொல்லும். சொன்ன இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு, மறுபடி பிடித்துப் பார்ப்பது. நான் செய்து தர மாட்டேன் என்பதன் காரணம் முழுதும் இந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஈ.வி.ஏ.வுக்கும் இதே முறைதான், அழுத்தம் மட்டும் இன்னும் குறைவு. ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறி மேற்பரப்பு பளபளவென்று உருகிப்போகும், அப்புறம் வழுக்கும்.

அடுக்குமாடியில் ட்ரில் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார் என்கிறவர்கள், மிஷினே இல்லாமல் அரமும் உப்புத்தாளும் வைத்துக் கையால் உருட்டி உருட்டிச் செய்யலாம். இரண்டு சாயங்காலம் கூடுதலாகும், அவ்வளவுதான். வட்டம் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை. கை ஒன்றும் வட்டமில்லையே.

பலர் கடைசலுக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது துளைக்குத்தான். பிளாங்க் அடியில் பருத்து நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பிடியை நுனி வழியாகக் கோத்து அடிக்கு இறக்க வேண்டும். பிளாங்கின் சரிவு துளையிலும் இருக்க வேண்டும், நேர்த்துளை போட்டால் ஒரு விளிம்பு மட்டும் கடித்துக்கொண்டு மற்ற இடமெல்லாம் வெற்றிடமாக நிற்கும். அதற்கான சரிவு ரீமர் விலைக்கு வருகிறது. வாங்காதீர்கள். உடைந்த ராடின் துண்டு ஒன்றை எடுத்து, 60-ம் நம்பர் உப்புத்தாளை அரை இஞ்ச் பட்டையாக வெட்டி, அதன் மேல் சாய்வாகச் சுற்றி ஒட்டிவிட்டால் அதுவே ரீமர். ராடின் சரிவு அதிலேயே இருக்கிறது. கையால்தான் சுற்ற வேண்டும். ட்ரில்லில் மாட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் துளை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நாலு சுற்று, பிளாங்கில் கோத்துப் பார், எங்கே நிற்கிறது என்று பென்சிலில் குறி, மறுபடி நாலு சுற்று. பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம், ரீலைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். கார்க் கை அழுத்தத்திலேயே கடைசி வரை இறங்க வேண்டும். தட்டி இறக்கினால் விரியும். துளைக்கும் மேற்பரப்புக்கும் நடுவில் கார்க் 3 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈ.வி.ஏ.வென்றால் துளையைப் பிளாங்கைவிட ஒரு மில்லிமீட்டர் சின்னதாகவே விட்டு, இழுத்து மாட்டலாம்.

ஒட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் பின்பிடி, பிறகு ரீல் சீட், கடைசியில் முன்பிடி. பிளாங்கின் பளபளப்பு மட்டும் போகும்படி லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நிதானமாக இறுகும் எபாக்சியைப் போடுங்கள். இங்கேதான் எபாக்சிக்கு வேலை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், வெயிலில் கிடக்கும் ராடுக்கு அது நம்பகமில்லை. சீட்டுக்கும் பிளாங்குக்கும் இடையே உள்ள சந்தில் மாஸ்கிங் டேப்பைப் பட்டை பட்டையாகச் சுற்றி நடுவில் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியிலும் இரண்டு ஓரத்திலும் எபாக்சி நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி டேப் நமத்துச் சீட் ஆடும். இறுகுவதற்கு முன் கைடு வரப்போகும் கோட்டிலேயே சீட்டும் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

வார்னிஷ் அடிக்கலாமா? கூடாது. நாற்பது வயது மரத்தின் பட்டையை வாங்கி, அதைக் கண்ணாடியாக்கி, வழுக்குகிறது என்று மறுபடி டேப் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழிகளை மட்டும் கார்க் தூளும் அதே மரப் பசையும் குழைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்துவிடுங்கள். கடலிலிருந்து வந்ததும் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரும் பழைய பல் தூரிகையும் போதும். பிடி கருக்கத்தான் செய்யும், அது அழுக்கில்லை.

மரத்தில் பிடி வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுப் பிடியும் மரம் என்றால் கனம், ஈரத்தில் வழுக்கல். ஆனால் அடிமுனைக்கு ஒரு குமிழ், சீட்டுக்கு முன்னால் ஒரு சின்ன வளையம் மரத்தில் வைத்தால் அழகுதான். அதற்கு அம்பாசமுத்திரம் போனால் மரச் சொப்புச் சாமான் கடைகிறவர்களைப் பாருங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி நிறமாகப் படியும். தூரிகையும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. அந்த வேலையை என்னைவிட அவர்களிடம் கேட்பதே நியாயம்.

கடைசியாக, உங்கள் வீட்டுப் பிள்ளைகள். பத்து வயதுப் பெண் உங்கள் ராடைத் தூக்கி வீச முடியாமல் "எனக்குப் போரடிக்குது" என்று மணலில் வீடு கட்டப் போய்விடுகிறாள். ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அவளுடைய விரல்கள் அந்தப் பிடியைச் சுற்றி வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். 20 மி.மீ.க்கு இறக்கிய ஈ.வி.ஏ. பிடி, முழங்கைக்கு அளவாக வெட்டிய அடிமுனை, ஒரு சின்ன ரீல். நீங்கள் செய்கிற முதல் நல்ல பிடி உங்களுக்காக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அளவு எடுக்கும்போது அவள் கையை எடுங்கள், கடையும்போது அவளே பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கி, கரைக்கே போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்து ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த நாட்களை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிடியை நல்ல ராடில் ஒட்டாமல், உடைந்த ராடின் அடித்துண்டில் செய்து பாருங்கள். உடைந்த ராடு வைத்திருப்பவர்கள் அதைக் குப்பையில் போட வேண்டாம், புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். அடித்துண்டு பழகுவதற்கும் நுனித்துண்டு ரீமருக்கும் ஆகும்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து உங்களில் ஒருவன்